கப்பலேறும் நாளில் கட்ட ஒரு சேலை

பள்ளிகொண்டா,
20.4.2025

பெர்சிஸின் அம்மா அவர்களுக்கு,

சூரியபிரகாஷின் அம்மா வள்ளியம்மாள் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் வெயிலைத் திட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். ராணிப்பேட்டையில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. வலி இருப்பது மட்டும் பிள்ளை சொல்லித் தெரியும்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றைக்கு உங்கள் வாசலில் நின்று, "இந்த வீட்டு ஆளுங்களோட இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன். அதன்படி கல்யாணத்துக்கும் வரவில்லை. உங்கள் பெண்ணோடும் இன்று வரை பேசவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான். ஆனால் பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இதை வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் செய்திருக்கும் கூத்து உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை, சென்னையில் ஏறி விசாகப்பட்டினம் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பல். மூன்று ராத்திரி. அவர்கள் இருவருக்கும் ஒரு ரூம், நமக்கு ஒரு ரூம். நமக்கு என்றால் உங்களுக்கும் எனக்கும். என் வீட்டுக்காரர் மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று தப்பித்துவிட்டார். "ரெண்டு அம்மாவும் வரலன்னா நாங்களும் போகல" என்கிறான் உங்கள் மருமகன். ஏண்டா கப்பல், ஏதாவது கோயில் குளம் பஸ்ஸில் போகக் கூடாதா என்று கேட்டேன். "பஸ்ஸுன்னா நீ கோவிச்சுக்கினு நடுவுல இறங்கிடுவ. கப்பல்ல இன்னா பண்ணுவ?" என்றான்.

என் கவலை வேறு. முதல் நாள் ஏறும்போதே வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார்களாம். நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டிவரும். அன்றைக்கு நீங்கள் என்ன சேலை கட்டப்போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் நானும் அதற்குத் தக்கபடி ஒன்று எடுத்து வைப்பேன். வேறொன்றுமில்லை.

நாம் எழுதிக்கொள்வதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு குதிப்பான்.

இப்படிக்கு,
து. வள்ளியம்மாள்


ராணிப்பேட்டை,
28.4.2025

அன்புள்ள வள்ளியம்மாள் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சுகமாயிருக்க விரும்புகிறேன்.

ஈஸ்டர் பண்டிகை முடிந்த கையோடு உங்கள் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்கும் முன் அனுப்பியவர் பெயரை மூன்று தடவை படித்தேன். பிரித்த பிறகு, வக்கீல் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரி என்றே பட்டது. பெர்சிஸிடம் மூச்சு விடவில்லை.

கப்பலைப் பற்றி அவள் சொன்னதை எழுதுகிறேன். பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்களாம். அவை நம் ரூமுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடுமாம். ஆகவே காலையில் எதைக் கட்டிக்கொண்டு போகிறோமோ அதுதான் இரவு வரைக்கும். மாத்திரைகளைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் எல்லாரையும் ஓர் இடத்தில் நிறுத்தி, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பார்களாம். மேல் தளத்தில் காற்று பலமாக அடிக்கும். மடிப்புக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, முந்தானைக்கு ஒன்று என்று ஊக்கு குத்திக்கொள்வது நல்லது. முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக வார்டில் ஓடியவள் சொல்கிறேன், துணி காலில் சிக்காமல் இருந்தாலே பாதி நிம்மதி.

உங்களுக்குப் பருத்தி வசதியாக இருக்கும். பட்டு வேண்டாம், கடல் ஈரம் ஒத்துக்கொள்ளாது.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று பெர்சிஸ் சொன்னாள். வெறும் வயிற்றில் பார்த்து எத்தனை நாளாகிறது?

அன்புடன்,
பிரிஸ்கில்லா ஐசக்


பள்ளிகொண்டா,
9.5.2025

பெர்சிஸ் அம்மாவுக்கு,

வள்ளியம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். வீட்டுக்காரருக்கு மட்டும் கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண், செருப்பு கடித்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு மாடிப்படி வேண்டாம். துணியைக் கீழேயே காயப்போடுங்கள்.

சென்ற வாரம் இங்கே ஒரு நாடகம் நடந்தது. பிள்ளை ஒரு பையைக் கொண்டுவந்து, "பெர்சிஸ் உனக்கு வாங்கியிருக்கா, கப்பல்ல முதல் நாள் போட்டுக்க" என்று வைத்துவிட்டுப் போனான். உள்ளே சுடிதார். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரங்க யாரோ இன்ஸ்பெக்ஷன் வந்தாப்பல இருக்குது" என்று சிரித்தார். கழற்றி மடித்து வைத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அளவு கொடுக்கவில்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. ஒரே ஒரு நாள் என்னைப் பார்த்தவள். தோளும் கையும் தைத்து வைத்ததுபோல் சரியாக இருந்தன. அது எப்படி என்று நாலு நாளாக யோசிக்கிறேன்.

சேலைதான் என்று முடிவாகிவிட்டது. நிறம்தான் கேள்வி. எனக்கு நிறத்தை வாயால் சொன்னால் போதாது. ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடமாக நிறம் பார்த்து ஜோடி சேர்க்கிற வேலை. ஒரே தோலில் முதுகுப் பக்கம் சாயம் ஒரு மாதிரி ஏறும், வயிற்றுப் பக்கம் வேறு மாதிரி ஏறும். அதை வெட்டித் தைத்து என் மேஜைக்கு வரும். இடது காலுக்கும் வலது காலுக்கும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாதபடி நான் எடுத்துக் கட்ட வேண்டும். பத்தொன்பது வருடத்தில் என் டேபிளில் ஜோடி மாறியது என்று யாரும் கொண்டுவந்து போட்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

அதனால் இந்த உறைக்குள் மூன்று தோல் துண்டு வைத்திருக்கிறேன். என் சேலைகளின் நிறத்துக்குப் பார்த்து எடுத்தது. மாம்பழ மஞ்சள், இலைப் பச்சை, அரக்கு. உங்களுடையதற்குப் பக்கத்தில் எது நன்றாக இருக்கும் என்று சொல்லுங்கள். அதற்கு உங்களுடையது என்ன நிறம் என்று எனக்குத் தெரிய வேண்டும். போன கடிதத்தில் எனக்குப் பருத்தி என்று எழுதினீர்கள், ஊக்குக் கணக்கு எழுதினீர்கள். கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. கவனித்தேன்.

இப்படிக்கு,
வள்ளியம்மாள்


ராணிப்பேட்டை,
17.5.2025

அன்புள்ள வள்ளியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் புண்ணைப் பற்றி. சர்க்கரை இருக்கிறவர் காலில் சுண்ணாம்பு வைக்கவே கூடாது. இந்தக் கடிதத்தைப் பிடித்த கையோடு அதைக் கழுவித் துடைத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். செருப்பு கடித்தது என்று வந்து விரலை இழந்தவர்களுக்கு என் கையாலேயே கட்டு போட்டிருக்கிறேன். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பயப்படாமல் இருந்துவிடக் கூடாதே என்று எழுதுகிறேன்.

தோல் துண்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றும் அழகு. உங்களுக்கு மயில் கழுத்து நிறம் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆனால் அது உங்களிடம் இல்லை போலிருக்கிறது. அப்படியானால் அரக்கு.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதாதது தப்புதான். என்னுடையது வெள்ளை. பெர்சிஸின் அப்பா போனதிலிருந்து வேறு கட்டியதில்லை. எங்கள் சபையில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பெரும்பாலும் கட்டுகிறார்கள், நானும் கட்டுகிறேன். அதற்கு முன்னால் வேலைக்கும் வெள்ளைதான். ஆகவே எனக்கு ஒன்றும் புதிதில்லை.

படத்துக்காக நீங்கள் எனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவசியமில்லை. நான் பின்னால் நின்றுகொள்கிறேன்.

அன்புடன்,
பிரிஸ்கில்லா


ராணிப்பேட்டை,
20.6.2025

அன்புள்ள வள்ளியம்மாள் அவர்களுக்கு,

உங்களிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. என்னுடையது தபாலில் தவறியதா, அல்லது கிடைத்தும் எழுத மனமில்லையா என்று தெரியவில்லை. வீட்டுக்காரரின் விரல் என்ன ஆயிற்று என்பதை மட்டுமாவது எழுதுங்கள். மாப்பிள்ளையிடம் விசாரித்தால் நாம் எழுதிக்கொள்வது தெரிந்துவிடும் என்று கேட்காமல் இருக்கிறேன்.

நான் என் சேலையின் நிறத்தை எழுதியதுதான் உங்களுக்குச் சங்கடமாகிவிட்டது என்று நினைக்கிறேன். எழுதியிருக்க வேண்டாம். எனக்கு முழங்கால் வலி என்பது எல்லாருக்கும் தெரிந்தது. கடைசி நேரத்தில் வலி அதிகம் என்று நான் நின்றுவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் பிள்ளைகளோடு சந்தோஷமாகப் போய் வாருங்கள். பெர்சிஸோடு ஒரு வார்த்தை பேசினீர்கள் என்றால் அதுவே எனக்குப் போதும்.

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கும்,
பிரிஸ்கில்லா


பள்ளிகொண்டா,
27.6.2025

சம்பந்தி அம்மாவுக்கு,

வள்ளியம்மாள் வணக்கம். விரல் தப்பித்தது. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அழைத்துப் போனேன். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா என் கத்திதான் பேசியிருக்கும்" என்று டாக்டர் சொன்னார். நகத்தை எடுத்துவிட்டுக் கட்டினார்கள். இப்போது ஆறி வருகிறது. "அந்த அம்மா எழுதலன்னா நான் நொண்டிதான்" என்று அவர் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அந்த அம்மா யார் என்று மட்டும் சொல்லாமல் பிடித்து வைத்திருக்கிறேன்.

எழுதாததற்கு விரல் காரணமில்லை. நாலு தடவை எழுத உட்கார்ந்து நாலு தடவையும் கிழித்தேன். நீங்கள் வெள்ளை என்று எழுதியிருந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அன்றைக்கு நடந்ததை நாம் இருவரும் இதுவரை எழுதவில்லை. நானே எழுதிவிடுகிறேன். கல்யாணத்தில் பெண் வெள்ளைச் சேலைதான் கட்டுவாள் என்று உங்கள் பக்கத்தில் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்தில் அது கண்ணில் படக் கூடாது. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "வெள்ளை கட்டின எடத்துல மங்களம் எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடித்து நிமிர்ந்தால் நீங்கள் வெள்ளைச் சேலையோடு காபித் தட்டை ஏந்திக்கொண்டு என் எதிரில் நிற்கிறீர்கள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துச் சத்தம் வந்தது. உங்கள் வீட்டுக்காரர் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிடம் புத்தியில் இல்லை.

"அப்படின்னா உங்க பிள்ளைக்கு வேற எடம் பாத்துக்கோங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். அந்தப் பேச்சு எனக்கு நல்லதாய்ப் போயிற்று. கோபித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. நான் செய்த தப்பை அதன் அடியில் ஒளித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மூன்று வருடமும் அந்தக் கோபத்தை வளர்த்தது உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தால் இல்லை. அதை விட்டால் என் பேச்சை நானே நினைத்துப் பார்க்க வேண்டி வரும்.

கல்யாணத்தன்று நான் வேலைக்குப் போனேன். மேஜையில் உட்கார்ந்து தோலைப் பார்த்தால் ஒரு நிறமும் கண்ணில் நிற்கவில்லை. சாயங்காலம் சூப்பர்வைசர் தௌசீப் அகமது ஒரு ஜோடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இடது ஒரு நிறம், வலது ஒரு நிறம். சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். "இன்னாம்மா, உனக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒரு தடவை என்று எழுதினேனே, அதுதான் இது. பிள்ளைக்குக் கல்யாணம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் கம்பெனி பஸ் தினமும் ஆம்பூரில் பிள்ளை குடியிருக்கிற தெரு முனையில் நின்றுதான் போகிறது. அங்கிருந்து பார்த்தால் அவர்கள் மாடியில் காயப்போட்ட துணி தெரியும். இன்று எத்தனை சட்டை, எத்தனை சேலை என்று எண்ணுவேன். ஒரு நாள்கூட இறங்கியதில்லை.

நீங்கள் பின்னால் நிற்கிறேன் என்று எழுதியிருக்கக் கூடாது, சம்பந்தி. அது எனக்குச் சுட்டுவிட்டது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி என்று பொய் சொன்னீர்கள் என்றால் நானும் வர மாட்டேன்.

வள்ளியம்மாள்


ராணிப்பேட்டை,
5.7.2025

அன்புச் சம்பந்திக்கு,

எல்லாருடைய சுகத்துக்காகவும் தேவனுக்கு நன்றி சொல்கிறேன். விரலைத் தினமும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். அவர் வலிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் நான் பதிலுக்குச் சொன்னது ஒரு தாயிடம் சொல்லக் கூடியதா? நோயாளிகள் என்ன திட்டினாலும் பொறுத்துக்கொண்ட வாய், அன்றைக்கு அரை நிமிடம் பொறுக்கவில்லை. மறுநாளே உங்கள் ஊருக்குப் பஸ் ஏறியிருக்கலாம். நாற்பது கிலோமீட்டர்தான். நான் மூத்தவள், அவர்கள்தான் வர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆகவே மன்னிப்பில் பாதியை நீங்கள் எனக்குத் தர வேண்டும்.

நானும் ஒன்றை மறைத்துவிட்டேன். உங்கள் பக்கத்து வழக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தட்டில் சேலை வைத்துக் கொடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பூங்குழலி சொன்னாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவளையும் அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய் எடுத்து வந்தேன். நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை. எங்கள் சபைக் கோயிலில் முன் வரிசையில் ஒரு நாற்காலியை விட்டு அதன்மேல் தட்டை வைத்திருந்தேன். ஆராதனை முடிந்தது, படம் எடுத்து முடிந்தது, பந்தியும் முடிந்தது. கடைசியில் நானே தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து என் பீரோவில்தான் இருக்கிறது. பட்டுச் சேலையை ஒரே மடிப்பில் விட்டால் மடிப்பிலேயே விட்டுப்போகும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, உதறி, மடிப்பை மாற்றி வைத்துவிடுவேன். "யாருக்கும்மா இது?" என்று பெர்சிஸ் ஒரு தடவை கேட்டாள். பீரோவைச் சாத்தினேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. மயில் கழுத்து நிறம். அன்றைக்கு உங்களை ஒரு மணி நேரம் பார்த்ததை வைத்து எடுத்தது.

இத்துடன் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். பட்டு வேண்டாம் என்று எழுதிய நானே இதைக் கேட்பது வேடிக்கைதான். கப்பலில் முதல் நாள் நீங்கள் அதைக் கட்டினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பிடிக்காவிட்டால் கட்ட வேண்டாம், அதற்காக வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் பட்டாலும் வெளியே சொல்ல மாட்டேன்.

உங்கள்,
பிரிஸ்கில்லா


பள்ளிகொண்டா,
14.7.2025

அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கே உங்கள் சுகத்துக்கு எழுதவும். பார்சல் பத்திரமாக வந்தது. கப்பலுக்கு என்ன கட்டுவது என்று இப்போது எழுத முடியவில்லை. மூன்று நாளில் ஆடி பிறக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

வள்ளியம்மாள்


ராணிப்பேட்டை,
26.7.2025

அன்புத் தங்கை வள்ளியம்மாளுக்கு,

நான் சுகம். நீங்களும் வீட்டுக்காரரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாலு வரிக் கடிதத்தை எத்தனை தடவைதான் படிப்பது? நிறம் பிடிக்கவில்லையோ என்று ஒரு நாள் தோன்றுகிறது. பிடித்திருக்கிறது, ஆடி என்பதால் எழுதவில்லை என்று மறுநாள் தோன்றுகிறது. கடைசியில் 'அக்கா' என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு சமாதானம் ஆகிவிடுகிறேன். எனக்குத் தங்கை கிடையாது. இருந்தால் இப்படித்தான் தவிக்க விடுவாள் போலிருக்கிறது.

நேற்று ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில் என் பழைய நிறச் சேலைகள் ஒரு போர்வைக்குள் கட்டிக் கிடக்கின்றன. அவர் வாங்கிக் கொடுத்தவை. அவிழ்த்து, இளநீலத்தில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயதில் இதென்ன ஆசை, சபையில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று கூச்சமாகிவிட்டது. அதை எப்படி மடித்தேன் என்றே தெரியவில்லை, திரும்ப வைத்துவிட்டேன். வெள்ளை எனக்குப் பாரமில்லை, வள்ளியம்மாள். வேறு எதையும் எடுக்கத் தைரியமில்லாமல்தான் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறேனோ என்று நேற்று முதல் தடவையாகத் தோன்றியது.

சீக்கிரம் எழுதுங்கள். கோபம் என்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா பிரிஸ்கில்லா


பள்ளிகொண்டா,
4.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வள்ளியம்மாள் எழுதுவது. நாங்கள் சுகம். என்னைச் சொன்னால் சுகத்துக்கும் மேலே. உங்கள் முழங்காலை இன்றைக்கு விசாரிக்க மாட்டேன், வேறு சேதி நிறைய இருக்கிறது.

நீங்கள் ஆசைப்பட்டபடி அந்தச் சேலையைக் கப்பலில் முதல் நாள் நான் கட்டப் போவதில்லை. திட்டாமல் மேலே படியுங்கள்.

பார்சலைப் பிரித்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் நீலம் ஓடுகிறது, ஒரு பக்கம் பச்சை ஓடுகிறது. தோலில் குறை கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அதில் ஒரு குறையும் அகப்படவில்லை. மடிப்புத் தடம் மட்டும் வரிவரியாக நிறைய இருந்தது. எத்தனை தடவை மாற்றி மடித்திருக்கிறீர்கள் என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணை மறைத்துவிட்டது.

இது கல்யாணத்துக்கு எடுத்த சேலை. கப்பலுக்குக் கட்டினால் கப்பல் சேலை ஆகிவிடும். கல்யாணத்துக்கு எடுத்ததைக் கல்யாண வீட்டுக்குத்தான் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆடியில் புதுசு கட்டக் கூடாது என்பார்கள், ஆனால் பதினெட்டாம் பெருக்குக்குக் கட்டலாம். அதற்காகத்தான் காத்திருந்தேன். நேற்று பெருக்கு. ஞாயிற்றுக்கிழமை வேறு, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். காலையில் பாலாற்றங்கரையில் கும்பிட்டு, தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, உங்கள் சேலையைக் கட்டினேன். என் வீட்டுக்காரர் வேட்டியை எடுத்து உடுத்திக்கொண்டு, "எங்கன்னு கேக்க மாட்டேன், நட" என்றார். ஆம்பூருக்குப் பஸ் ஏறினோம். அந்தத் தெரு முனையில் இறங்கினோம்.

மணியை அழுத்தியது நான் இல்லை, அவர்தான். உங்கள் பெண் வந்து கதவைத் திறந்தாள். அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருப்பாள் போல, தலையில் பூ, கையெல்லாம் இஞ்சி பூண்டு. என்னைப் பார்த்தாள். பிறகு சேலையைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. உங்கள் பீரோவில் பார்த்தது ஆயிற்றே. கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "இன்னாம்மா, கல்யாணத்துக்கு வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாய்டுச்சு. சாப்பாடு மிச்சம் இருக்குதா?"

"அத்தை" என்றாள். வந்து கட்டிக்கொண்டாள். சேலையின் தோள் பக்கத்தில் இஞ்சி பூண்டு கறை. அதை நான் துவைக்கப் போவதில்லை. உள்ளேயிருந்து பனியனோடு ஓடிவந்த பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழுகிறான் என்று தெரிந்ததும் அவன் அப்பா, "சட்டைய போடுடா, பெரிய மனுஷங்க வந்திருக்காங்க" என்று அதட்டினார்.

அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெருக்கு அன்றைக்கு நான் கறி சாப்பிட மாட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, கேட்காமலே எனக்குத் தனியாக மிளகு ரசம் வைத்து, அப்பளம் பொரித்துப் போட்டாள். சாப்பிட்ட பிறகு, "உன் கல்யாணச் சேலைய எடுத்துக்கினு வா, பாக்கலாம்" என்றேன். தயங்கித் தயங்கி எடுத்து வந்தாள். மடியில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தேன். அழகான சேலை, அக்கா. இதைக் கட்டிக்கொண்டு அவள் நின்றதைப் பார்க்காமல் எங்கேயோ உட்கார்ந்து செருப்புக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேனே என்று இருந்தது. அதை அவளிடமே சொன்னேன். "திரும்பவும் கட்டிக் காட்டட்டுமா அத்தை?" என்று கேட்டு, உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நானும் வீட்டுக்காரரும் அட்சதைக்கு அரிசி எடுத்துப் போட்டோம்.

நீங்கள் அங்கே இல்லாதது ஒன்றுதான் குறை.

உங்கள் தங்கை,
வள்ளியம்மாள்


ராணிப்பேட்டை,
9.8.2025

என் பிரியமான வள்ளியம்மாளுக்கு,

சுகம் விசாரித்து எழுதுவதற்கு இன்றைக்கு என் கை நிற்கவில்லை. சுகமாயிருங்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெர்சிஸ் போன் செய்தாள். "அம்மா, அத்தை வந்தாங்க" என்றாள். பிறகு அவளும் அழுதாள், நானும் அழுதேன். மாப்பிள்ளை போனை வாங்கி, "அத்தை, ரெண்டு பேரும் எழுதிக்கிட்டது எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று சிரித்தார். மறுநாள் நீங்கள் அந்தச் சேலையோடு அவள் பக்கத்தில் நிற்கிற படத்தை அனுப்பினாள். மயில் கழுத்து உங்களுக்குப் பொருந்தும் என்று நான் நினைத்தது தப்பவில்லை. அவள் வெள்ளையும் நீங்கள் மயில் கழுத்துமாக நிற்கிறீர்கள். நான் விட்டு வைத்த நாற்காலி நிறைந்துவிட்டது.

முதல் நாள் என்ன கட்டுவது என்று நாலு மாதமாக எழுதுகிறோம். கப்பலுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை, ஒன்றும் முடிவாகவில்லை. பெர்சிஸ் வாங்கிக் கொடுத்த சுடிதாரை உங்கள் பெட்டியில் எடுத்து வையுங்கள். இரண்டாம் நாள் போட்டுக்கொள்ளலாம், சிரிக்க உங்கள் வீட்டுக்காரர் அங்கே இருக்க மாட்டார்.

கப்பல் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலையிலேயே நீங்கள் இங்கே வந்துவிட வேண்டும். வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள். அவர் விரலை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும், பிறகு மாட்டிடம் திரும்பிப் போகட்டும். வாசலில் நின்று யோசிக்க வேண்டாம், நேரே உள்ளே வாருங்கள்.

பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து வைத்திருப்பேன். அந்தப் போர்வையை அவிழ்த்துவிட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், கட்டத் துணிவு வரவில்லை. நிறம் பார்க்கிற கண் உங்களுடையது. வெள்ளையோ, நீலமோ, வேறு எதுவோ, எனக்கு எது என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். நீங்கள் கொடுத்ததைக் கட்டிக்கொண்டு உங்கள் பக்கத்தில் நிற்கிறேன்.

வழி பார்த்திருக்கும் அக்கா,
பிரிஸ்கில்லா